பிரிண்டர் ஓடவில்லை, பணம் ஓடிவிட்டது!

கும்பகோணத்தில் ஒரு பாங்கி. அந்தப் பாங்கியில் ஒரு பிரிண்டர். ஒரு நாள் அது வேலை செய்யவில்லை.

"எந்திரம் என்றால் கெட்டுப்போவது சகஜம்தானே? இதில் என்ன அதிசயம்?" என்று கேட்கலாம். பாங்கியில் இருந்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். கம்ப்யூட்டர் தொடர்பில் ஏதோ கோளாறு என்று எண்ணினார்கள்.

மறுநாள் காலையில் கணக்கைச் சரி பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. முதல் நாள் மாலையிலேயே ஏறக்குறைய 20 லட்சம் டாலர் கடல் தாண்டிப் போயிருந்தது! அன்றைய மதிப்பில் அது சுமார் 12 கோடி ரூபாய். பாங்கியில் யாரும் அந்தப் பணத்தை அனுப்பவில்லை. ஆனால் பாங்கியின் பெயரால் மூன்று உத்தரவுகள் போயிருந்தன.

இது கதை அல்ல. 2018-ம் ஆண்டு பிப்ரவரி 6-ந் தேதி நடந்த சம்பவம். பாங்கியின் பெயர், சிட்டி யூனியன் பாங்கி.

நூறு வயதைத் தாண்டியது

சிட்டி யூனியன் பாங்கி நேற்று முளைத்தது அல்ல. 1904-ம் ஆண்டில் "கும்பகோணம் பாங்கி" என்ற பெயரில் தொடங்கப்பட்டது. காவிரிக்கரையில் நெல்லும் வெற்றிலையும் பித்தளைப் பாத்திரமும் பட்டும் விற்று வாங்கிய ஊர் அது. வியாபாரிக்குக் கடன் கொடுக்க ஒரு பாங்கி வேண்டி இருந்தது. 1965-ல் வேறு இரண்டு சிறிய பாங்கிகள் இதனுடன் சேர்ந்தன. 1987-ல் இப்போதுள்ள பெயர் வந்தது. தலைமை அலுவலகம் கும்பகோணத்தை விட்டு நகரவில்லை.

பழைய பாங்கி என்றாலும் புதுமையை வெறுத்த பாங்கி அல்ல. 2016-ம் ஆண்டு நவம்பரில், வாடிக்கைக்காரர்களுக்குப் பதில் சொல்ல "லட்சுமி" என்ற எந்திரப் பெண்ணையே சென்னையில் கொண்டுவந்து நிறுத்தியது. எந்திரப் பெண் பேசினாள். பத்திரிகைகளில் படம் வந்தது. ஆனால் பதினைந்து மாதம் கழித்து ஆபத்து வந்தபோது, அது பேசும் பொம்மை வழியாக வரவில்லை. மூலையில் கிடக்கும் பிரிண்டர் வழியாக வந்தது!

தந்தி போன்ற ஒன்று

ஒரு பாங்கி இன்னொரு நாட்டுப் பாங்கிக்குப் பணம் அனுப்புவது எப்படி? நோட்டுக் கட்டுகளைக் கப்பலில் ஏற்றி அனுப்புவது இல்லை. "இன்னாருக்கு இவ்வளவு கொடு; என் கணக்கில் கழித்துக்கொள்" என்று ஒரு செய்தி போகும். முன்பு இந்தச் செய்தி தந்தியில் போனது. தந்தி உண்மையானதுதானா என்று பார்க்க ரகசிய எண் வைத்திருந்தார்கள்.

1973-ம் ஆண்டில் பெல்ஜியம் நாட்டில் "ஸ்விப்ட்" என்ற அமைப்பு உருவானது. உலகத்துப் பாங்கிகள் சேர்ந்து ஏற்படுத்தியது. இன்று 200-க்கு மேற்பட்ட நாடுகளில், 11 ஆயிரத்துக்கு மேற்பட்ட பாங்கிகளும் நிதி நிறுவனங்களும் இதன் மூலம் செய்தி அனுப்புகின்றன. துபாயில் வேலை பார்க்கும் மகன் திருவாரூரில் உள்ள தாய்க்கு அனுப்பும் பணமும் இப்படி ஒரு செய்தியாக வரலாம்.

செய்தி போனதும் "உங்கள் உத்தரவு கிடைத்தது" என்று பதில் வரும். அந்தப் பதிலைக் காகிதத்தில் அடித்துத் தருவதுதான் பிரிண்டரின் வேலை. நாம் அனுப்பாத உத்தரவுக்குப் பதில் வந்தால், காகிதமே காட்டிக்கொடுத்துவிடும்.

வீட்டுக்குள் நுழையும் திருடன் முதலில் நாயின் வாயை அடைப்பான். இந்தத் திருடர்களும் அதைத்தான் செய்தார்கள். எங்கிருந்தோ பாங்கியின் கம்ப்யூட்டருக்குள் புகுந்து, ஸ்விப்ட்டுடன் இணைந்திருந்த பிரிண்டரை முடக்கினார்கள். பிறகு மூன்று பொய் உத்தரவுகளை அனுப்பினார்கள்.

மூன்று பணம், மூன்று வழி

முதல் உத்தரவு 5 லட்சம் டாலருக்கு. நியூயார்க்கில் உள்ள ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் பாங்கி வழியாக, துபாய் பாங்கி ஒன்றில் இருந்த கணக்குக்குப் புறப்பட்டது.

இரண்டாவது 3 லட்சம் யூரோ. ஜெர்மனியில் பிராங்பர்ட் நகரம் வழியாகத் துருக்கிக்குப் போனது.

மூன்றாவதுதான் பெரியது. 10 லட்சம் டாலர். நியூயார்க்கில் உள்ள பாங்க் ஆப் அமெரிக்கா வழியாகச் சீனாவில் உள்ள ஒரு பாங்கிக்குச் சென்றது.

பிப்ரவரி 7-ந் தேதி காலையில், வழக்கம்போல் கணக்கைச் சரி பார்க்கும் வேலை நடந்தது. நம் புத்தகத்தில் அனுப்பியதாக உள்ள பணமும், வெளிநாட்டுப் பாங்கியில் நம் கணக்கில் கழிந்த பணமும் ஒன்றா என்று பார்ப்பது இது. நெல் மண்டியில் இரவு கடை கட்டும்போது சிட்டையையும் பேரேட்டையும் ஒத்துப் பார்ப்பார்களே, அதே வேலைதான். இங்கே இடித்தது. மூன்று தொகைகள் கூடுதலாகக் கழிந்திருந்தன.

உடனே வெளிநாட்டுப் பாங்கிகளுக்கு அவசரச் செய்தி பறந்தது. "நாங்கள் அனுப்பவில்லை. நிறுத்துங்கள்!"

துபாய்க்குப் போன 5 லட்சம் டாலர் தடுக்கப்பட்டது. திரும்பியும் வந்தது. துருக்கிக்குப் போன பணம் அங்கேயே முடக்கப்பட்டது. சீனாவுக்குப் போனது மட்டும் சிக்கலாயிற்று. போலி ஆவணங்களைக் கொடுத்து, அங்குள்ள கணக்குக்காரர் பணத்தைக் கேட்டு வாங்கினார் என்று பாங்கி அறிவித்தது. ஷாங்காயிலும் இஸ்தான்புல்லிலும் உள்ள இந்தியத் தூதரக அதிகாரிகளின் உதவி நாடப்பட்டது.

பிப்ரவரி 17-ந் தேதி பாங்கி இதை வெளியில் சொன்னது. "சர்வதேசக் கம்ப்யூட்டர் திருடர்களின் வேலை. பாங்கி ஊழியர்களுக்குத் தொடர்பு இருப்பதாக ஆதாரம் இல்லை" என்று நிர்வாக இயக்குனர் என். காமகோடி விளக்கம் அளித்தார்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்று காலையில் திருட்டைப் பிடித்தது, விலை உயர்ந்த புதிய கருவி எதுவும் அல்ல. தினம் தினம் கணக்கை ஒத்துப் பார்க்கும் பழக்கம். "பிரிண்டர் சரியாகட்டும், பிறகு பார்க்கலாம்" என்று இரண்டு நாள் விட்டிருந்தால், துபாய்ப் பணமும் போயிருக்கும்.

டாக்காவில் நடந்தது

இரண்டு நாள் விட்டால் என்ன ஆகும்? அதற்கும் உதாரணம் உண்டு. அது வங்காள தேசத்தில் நடந்தது. கும்பகோணம் சம்பவத்துக்குச் சரியாக இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால்!

2016 பிப்ரவரி 4-ந் தேதி, வியாழக்கிழமை. அன்று இரவு வங்காள தேசத்து மத்திய பாங்கியின் பெயரால் 35 பொய் உத்தரவுகள் நியூயார்க்குக்குப் போயின. மொத்தம் சுமார் 95 கோடி டாலர்! வெள்ளிக்கிழமை டாக்காவில் வார விடுமுறை. வேலைக்கு வந்த சிலர் பிரிண்டர் ஓடாததைப் பார்த்தார்கள். வழக்கமான கோளாறு என்று விட்டுவிட்டார்கள். சனிக்கிழமை பிரிண்டரைச் சரி செய்தபோது விஷயம் தெரிந்தது. நியூயார்க்குக்குச் செய்தி அனுப்பினால், அங்கே சனி, ஞாயிறு விடுமுறை. பணம் போய்ச் சேர்ந்த பிலிப்பைன்ஸ் நாட்டிலோ திங்கட்கிழமை சீனப் புத்தாண்டு விடுமுறை! திருடர்கள் பஞ்சாங்கம் பார்த்துத்தான் நாள் குறித்திருக்கிறார்கள்.

நல்லவேளையாக, பெரும்பாலான உத்தரவுகள் நியூயார்க்கிலேயே நிறுத்தப்பட்டன. இலங்கைக்குப் போன 2 கோடி டாலரும் தப்பியது. காரணம், எழுத்துப் பிழை! "பவுண்டேஷன்" என்று எழுத வேண்டிய இடத்தில் "பண்டேஷன்" என்று எழுதிவிட்டார்கள். அதைப் பார்த்த பாங்கிக்காரர் ஒருவருக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் பிலிப்பைன்சுக்குப் போன 8 கோடியே 10 லட்சம் டாலர் சூதாட்ட விடுதிகளுக்குள் புகுந்து மறைந்தது. அந்த ஆண்டில் திரும்பி வந்தது சுமார் ஒன்றரைக் கோடி டாலர்தான். மத்திய பாங்கியின் கவர்னர் பதவி விலகினார்.

விசாரணை செய்த போலீஸ் அதிகாரி ஒரு தகவல் சொன்னார். ஒரு நாட்டின் கஜானாவே இருந்த அந்தக் கம்ப்யூட்டர்களை இணைத்தது, பத்து டாலர் விலையுள்ள பழைய இணைப்புப் பெட்டிகள்! வெளியாரைத் தடுக்கும் காவல் ஏற்பாடும் இல்லை. பணம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தவர்கள், பூட்டு எவ்வளவு பழையது என்று பார்க்கவில்லை.

ஒட்டாத இரண்டு கணக்கு

பழைய கம்ப்யூட்டர் என்றால் துருப் பிடித்த பெட்டி என்று பலர் நினைக்கிறார்கள். அது மட்டும் அல்ல. ஏற்பாடே பழையதாகிவிடுவதும் உண்டு.

பல பாங்கிகளில் உள்ளூர்க் கணக்குக்கு ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாடு. ஸ்விப்ட் செய்திக்கு வேறு ஏற்பாடு. இரண்டும் தாமாகப் பேசிக்கொள்வது இல்லை. ஒன்றில் எழுதியதை மனிதர் பார்த்து மற்றதில் எழுத வேண்டும். வெளிநாட்டுச் செய்தி நாளுக்குப் பத்து வந்த காலத்தில் இது போதுமானதாக இருந்தது. பிறகு வியாபாரம் பெருகியது. ஏற்பாடு மட்டும் அப்படியே நின்றது.

இதன் விளைவு என்ன என்பதும் அதே 2018 பிப்ரவரியில்தான் நாட்டுக்குத் தெரிந்தது. பஞ்சாப் நேஷனல் பாங்கியின் மும்பைக் கிளை ஒன்றிலிருந்து ஸ்விப்ட் மூலம் உத்தரவாதங்கள் போயின. பாங்கியின் உள் கணக்கில் அவை ஏறவே இல்லை. பல ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை. பிப்ரவரி 14-ந் தேதி வெளியான தொகை 11 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல்! மும்பையில் நடந்தது உள்ளே இருந்தவர்களின் துணையோடு நடந்த மோசடி. கும்பகோணத்தில் நடந்தது வெளியார் திருட்டு. இரண்டையும் ஒன்றாகப் பேசுவது நியாயம் அல்ல. ஆனாலும் இரண்டும் ஒரே வாசல் வழியாக நடந்தவை.

2016 ஆகஸ்டு முதல் மூன்று முறையாவது பாங்கிகளை எச்சரித்ததாக ரிசர்வ் பாங்கி பிப்ரவரி 20-ந் தேதி கூறியது. அப்படியானால் எச்சரிக்கைக் காகிதங்கள் எந்த மேஜையில் தூங்கின? கெடு வைத்தபிறகுதான் பல பாங்கிகள் இரண்டு ஏற்பாட்டையும் இணைக்கத் தொடங்கின. கெடுவுக்குப் பிறகும் ஸ்விப்ட் விதிகளைச் சரியாக நிறைவேற்றாத 36 பாங்கிகளுக்கு 2019 மார்ச்சில் மொத்தம் 71 கோடி ரூபாய் அபராதம் விழுந்தது.

பணம் கொடுக்கும் ஏ.டி.எம். எந்திரங்களின் கதையும் இதுவே. அவற்றில் பல "விண்டோஸ் எக்ஸ்பி" என்ற பழைய இயக்கு முறையில் ஓடின. அதைத் தயாரித்த மைக்ரோசாப்ட் கம்பெனி 2014 ஏப்ரல் 8-ந் தேதியுடன் ஆதரவை நிறுத்திவிட்டது. அதாவது, அதன்பிறகு அதில் ஓட்டை விழுந்தால் அடைக்க ஆள் இல்லை. இந்திய ஏ.டி.எம்.கள் எல்லாவற்றையும் மாற்ற ரிசர்வ் பாங்கி வைத்த கடைசிக் கெடு 2019 ஜூன். ஐந்து ஆண்டுகள்!

கரை உடைந்தால் முதல் வேலை

கொள்ளிடக் கரையில் உடைப்பு ஏற்பட்டால் டெல்டா விவசாயி என்ன செய்வான்? முதலில் மற்ற வயல்களுக்குத் தண்ணீர் பாயாமல் தடுப்பான். உடைப்பைக் கட்டுவது அடுத்த வேலை. கம்ப்யூட்டர் விபத்திலும் அதுதான் முறை.

2024 ஜூலை 31-ந் தேதி அதை நாடு பார்த்தது. சிறிய பாங்கிகளுக்குக் கம்ப்யூட்டர் சேவை செய்யும் "சி-எட்ஜ்" என்ற நிறுவனம் தாக்கப்பட்டது. கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு, "பணம் கொடுத்தால் திறப்போம்" என்று மிரட்டும் திருட்டு இது. பணப் பட்டுவாடாவை நடத்தும் தேசியக் கழகம் உடனே அந்த நிறுவனத்தின் தொடர்பை வெட்டியது. அதனிடம் சேவை பெற்ற சுமார் 300 பாங்கிகளின் வாடிக்கைக்காரர்கள் செல்போனிலும் ஏ.டி.எம்.மிலும் பணம் எடுக்க முடியாமல் தவித்தார்கள். பெரும்பாலானவை கூட்டுறவு பாங்கிகளும் கிராம பாங்கிகளும்தான். சோதனை நடந்தது. மற்ற இடங்களுக்குப் பரவவில்லை என்று உறுதி ஆனது. மறுநாளே தொடர்பு திரும்பியது.

ஒரு நாள் தவிப்பு பெரிதுதான். ஆனால் வெட்டாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்தால், வெட்டியவர்களைக் குறை சொல்ல மனம் வராது.

மாற்றுவதிலும் ஆபத்து

"அப்படியானால் பழையதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை வாங்க வேண்டியதுதானே?"

அதிலும் பள்ளம் இருக்கிறது. இங்கிலாந்தில் டி.எஸ்.பி. என்று ஒரு பாங்கி. 52 லட்சம் வாடிக்கைக்காரர்கள். 2018 ஏப்ரலில் ஒரு சனி, ஞாயிறு விடுமுறையில் பழைய கம்ப்யூட்டர் ஏற்பாட்டிலிருந்து புதியதற்கு ஒரேயடியாகத் தாவியது. திங்கட்கிழமை பொழுது விடிந்தால், லட்சக்கணக்கானவர்களால் தங்கள் கணக்கையே திறக்க முடியவில்லை. சிலருக்கு அடுத்தவர் கணக்கு தெரிந்தது! எல்லாம் ஒழுங்காக அந்த ஆண்டு டிசம்பர் ஆகிவிட்டது. தலைமை அதிகாரி வேலையை விட்டுப் போனார். 2022-ல் பாங்கிக்கு 4 கோடியே 86 லட்சம் பவுன் அபராதம். புதிய ஏற்பாட்டுக்கு மாறும் வேலையைச் சரியாகத் திட்டமிட்டு நடத்தவில்லை என்பதே முக்கியக் குற்றச்சாட்டு.

புது மாடு வாங்கியவன், அது பால் கறக்குமா என்று பார்க்கும் வரையில் பழைய மாட்டை விற்கமாட்டான்.

அடுத்தது நம் ஊர்ச் சங்கம்

தஞ்சை, திருவாரூர், நாகை வட்டாரக் குடும்பங்களுக்கு இந்த விஷயம் தூரத்துச் செய்தி அல்ல. காரணம், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம். பயிர்க்கடன் அங்கேதான். நகைக்கடனும் உரமும் அங்கேதான். நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது 1904-ல். கும்பகோணம் பாங்கி பிறந்த அதே ஆண்டு!

நூறு ஆண்டுக்கு மேலாகப் பேரேட்டிலும், பிறகு ஊருக்கு ஒரு மாதிரியான கம்ப்யூட்டரிலும் ஓடிய சங்கங்கள் இவை. நாடு முழுவதும் 63 ஆயிரம் சங்கங்களை ஒரே மாதிரியான கம்ப்யூட்டர் ஏற்பாட்டில் கொண்டுவர, 2022 ஜூனில் மத்திய மந்திரிசபை ஒப்புதல் கொடுத்தது. மதிப்பீடு 2 ஆயிரத்து 516 கோடி ரூபாய். காலம் ஐந்து ஆண்டு. பொறுப்பு நபார்டு பாங்கியிடம்.

நல்ல காரியம்தான். ஆனால் கஷ்டமான வேலை, கம்ப்யூட்டர் வாங்குவது அல்ல. பழைய பேரேட்டில் உள்ள ஒவ்வொரு பாக்கியையும் பிழை இல்லாமல் புதியதில் ஏற்றுவதுதான். ஒரு பூஜ்யம் கூடினால் ஒரு குடும்பம் கடனாளி. தந்தை பெயரும் மகன் பெயரும் மாறினால், கட்டிய கடன் கட்டாத கடன் ஆகும்.

இது வெறும் பயம் அல்ல. 2021 பிப்ரவரி 5-ந் தேதி தமிழ்நாடு அரசு கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. 16 லட்சத்து 43 ஆயிரம் விவசாயிகளுக்கு, 12 ஆயிரத்து 110 கோடி ரூபாய். அந்த ஆண்டு ஜனவரி 31-ந் தேதியன்று யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதே கணக்கு. அதை யார் சொன்னது? சங்கத்துப் பதிவுதான் சொன்னது. பதிவில் உள்ள ஒரு வரியின் விலை என்ன என்று இதிலிருந்து தெரியும்.

ஆகவே புதிய ஏற்பாட்டுக்கு மாறும் சங்கத்தில் சில காலத்துக்குப் பழையதும் புதியதும் இரண்டு மாடு பூட்டிய ஏர்போலச் சேர்ந்தே ஓட வேண்டும். தினமும் மாலையில் இரண்டையும் ஒத்துப் பார்க்க வேண்டும். பதிவுகளின் நகல் ஒன்று வேறு கட்டிடத்தில், வேறு எந்திரத்தில் இருக்க வேண்டும். நகல் இருந்தால் மட்டும் போதாது. அது திறக்கிறதா என்று அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டும். நெல் மில்லுக்கும் ஜவுளிக் கடைக்கும் இதே யோசனைதான். விதைநெல்லைக் கோட்டை கட்டி வைப்பவர்கள், விதைக்கும் நாளுக்கு முன்பே கொஞ்சம் எடுத்து முளை கட்டிப் பார்ப்பது வழக்கம்.

வாடிக்கைக்காரர்கள் செய்ய வேண்டியதும் உண்டு. பாங்கிக் கணக்கில் தெரியாமல் பணம் கழிந்தால் உடனே கிளையில் எழுதிக் கொடுக்க வேண்டும். 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். கும்பகோணத்தில் துபாய்ப் பணம் தப்பியது, மறுநாள் காலையிலேயே குரல் கொடுத்ததால்தான்.

மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அதற்கு முன்பே குறுவைக் கடனுக்குச் சங்கத்தில் கூட்டம் கூடும். கடன் வாங்கப் போகிறவர்கள் பழைய ரசீதுகளையும் பாஸ் புத்தகத்தையும் கையோடு எடுத்துப் போகலாம். "கம்ப்யூட்டரில் என் பாக்கி எவ்வளவு?" என்று கேட்கலாம். கம்ப்யூட்டர் ஒன்று சொல்லி, ரசீது வேறு சொன்னால், கையெழுத்துப் போடும் முன்பு அதை அங்கேயே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.